பத்துக் கெண்டைக்கு ஒரு கணிப்பு

கம்ப்யூட்டர் எங்கள் கம்பெனிக்கு வந்த அன்று, அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டோம். கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. ஏசி போட்ட அறை, கதவில் புதுப் பூட்டு, உள்ளே துணி போர்த்திய மேஜை. கால் தானாகவே செருப்பை விட்டுவிட்டது. முதலாளி தீர்த்தகிரியே வாசலில் நின்று, "உள்ள வரலாமா பாய்?" என்று என்னிடம் கேட்டார். அவர் கட்டிய கம்பெனி, அவர் வாங்கிய பெட்டி. "வாங்க மொதலாளி" என்று நானும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன்.

என் பெயர் நூருல்லா. கிருஷ்ணகிரிக்காரன், எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, இரண்டாம் வகுப்பு. ஓசூர் சிப்காட்டில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுத் துறை முழுவதும் நான்தான். துறை என்றால் ஒரு மேஜை, ஒரு தராசு, வாய் உடைந்த சில கண்ணாடிக் குடுவைகள். நாங்கள் தயாரித்தது ஒரே ஒரு சரக்கு. லேத்தில் கடைந்து வரும் இரும்புச் சாமான்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் திரவம். லேபிளில் அதற்குக் கம்பீரமாக ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு. எங்களுக்கு அது 'கழுவுற தண்ணி'.

ஊரில் வண்டி தயாரிக்கும் பெரிய கம்பெனி ஒன்று எங்கள் தண்ணியை மொத்தமாக வாங்க ஆசைப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை. அவர்களுடைய சுற்றுச்சூழல் அதிகாரி வெங்கடப்பன் நேரில் வந்து சொன்னார்.

"நாங்க கழுவி விடற தண்ணி சுத்திகரிச்சு கடைசியில ஏரிக்குத்தான் போவுது. அதுல மீன் சாகக் கூடாது. நான் சொல்ற அளவு உங்க சரக்கக் கலந்து, நாலு நாள் மீன் விடுங்க. பக்கத்துத் தொட்டியில சும்மா தண்ணியில கொஞ்சம் மீன் விடுங்க. நாலாம் நாள் நானே வந்து எண்ணுவேன்."

மீன் கொண்டுவரும் பொறுப்பு மாதம்மாளுக்கு வந்தது. கேன்களில் சரக்கு நிரப்பும் பகுதியில் வேலை பார்ப்பவர். புருஷன் ஊர் பாரூர். ஞாயிற்றுக்கிழமை போய், பாரூர் ஏரியின் கெண்டைக் குஞ்சுகள் பத்தை பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கண்டக்டர் லக்கேஜ் போடப் பார்த்தாராம். "மடியில இருக்கற புள்ளைக்கு எவனாவது டிக்கெட் போடுவானா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாராம்.

காலையில் ஐந்து குஞ்சுகளை எங்கள் தண்ணியில் விட்டோம். டீ வருவதற்குள் ஐந்தும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

அன்று மாதம்மாள் டீ குடிக்கவில்லை. முகத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "நூரு சாரு, நான் சம்பளத்துக்கு வேல செய்ய வந்தவ. பச்சப் புள்ளைங்கள பஸ்ஸுல கூட்டியாந்து சாவக் குடுக்க வரல. இனிமே மீனு வேணும்னா உங்க எம்மெஸ்ஸி படிப்ப மடியில கட்டிகினு நீங்களே பாரூரு போய் வாங்கியாங்க."

நான் போனால் பாரூர் மீன்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்பது முதலாளிக்கும் தெரியும். அப்போதுதான் அவருடைய பெங்களூர் மைத்துனர் இந்தக் கம்ப்யூட்டரையும், அதோடு நான்கு ஃபிளாப்பிகளில் ஒரு சாஃப்ட்வேரையும் பிடித்துக்கொடுத்தார். ஒரு ரசாயனம் மீனைக் கொல்லுமா, எவ்வளவு கலந்தால் கொல்லும் என்பதை மீனே இல்லாமல் அது சொல்லிவிடும்.

எப்படிச் சொல்லும் என்று முதலாளிக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. மூலக்கூறு, கரைதிறன் என்றெல்லாம் ஆரம்பித்தேன். அவர் கொட்டாவி விட்டார். கடைசியில் அவருக்குத் தெரிந்த பக்கமாகவே போனேன்.

"பொண்ணுக்கு மாப்ள பாக்கறோம் மொதலாளி. பையன நாம இதுக்கு முன்னால பாத்ததே இல்ல. என்னா செய்வோம்? அவன் அண்ணன் எப்படி, சித்தப்பன் எப்படி, தாய்மாமன் குடிப்பானான்னு விசாரிப்போம்ல? அதேதான். ஒரு ரசாயனத்தோட கை காலெல்லாம் எப்படி ஒட்டியிருக்குதுன்னு நாம எழுத்துல தட்டிக் குடுத்தா, இந்தப் பொட்டி அதத் துண்டு துண்டாப் பிரிச்சு, இதோட சொந்தக்காரனுங்க இதுவரைக்கும் எத்தன மீனக் கொன்னிருக்கானுங்கன்னு கணக்குப் போட்டு, இவனும் இப்படித்தான் இருப்பான்னு சொல்லிடும்."

முதலாளிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "தரகர் பொட்டின்னு சொல்லு."

அந்தப் பெயரே நிலைத்தது. செய்தி பரவிய விதம்தான் கோளாறு. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு தொங்கிய காலம் அது. வாட்ச்மேன் தன் மகளின் ஜாதகத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வந்து செருப்பைக் கழற்றினார்.

"ஐயா, இது மீனுக்கு மட்டும்தான் பாக்கும்" என்றேன்.

"பொண்ணும் மீன ராசிதானுங்க" என்றார்.

நான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். எங்கள் திரவத்தில் இருக்கும் ஒவ்வொரு சரக்கையும் தட்டிப் பார்த்தேன். குற்றவாளி மாட்டினான். பிசுக்கை இழுத்து நுரை கட்டும் சரக்கு ஒன்று; அதன் வால் பகுதி எண்ணெயை அவ்வளவு விரும்புகிறது. எண்ணெயை விரும்புவது மீனின் உடம்பையும் விரும்பும், செவுளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எடுத்துவிட்டால் பிசுக்குப் போகாது. ஆகவே அதே குடும்பத்தில் சாதுவான ஆளாகத் தேடினேன். பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று ஒவ்வொருவனாகத் திரைக்கு அழைத்து விசாரித்தேன். நடுவில் ஆசைக்கு டீயில் இருக்கும் காஃபீனையும் தட்டிப் பார்த்தேன். அது சொன்ன பதில் சரியில்லை. ஒரு டீ சொல்லி அனுப்பி, குடித்துக்கொண்டே அந்தப் பக்கத்தை மூடினேன்.

கடைசியில் ஒருத்தன் அகப்பட்டான். பிசுக்கையும் எடுப்பான், மீனையும் விட்டுவைப்பான். வெங்கடப்பன் சொன்ன அளவைப் போல எட்டு மடங்கு கலந்தால்தான் பாதி மீன் சாகும் என்று திரை பச்சை எழுத்தில் சொன்னது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு சுற்று ஆடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிரப்பும் பகுதியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மாதம்மாள் உள்ளே வந்தார். "எதுக்கு ஆட்டம்?"

"மீனு பொழச்சிக்கும்மா! புது சரக்கு கண்டுபுடிச்சாச்சு. பொட்டி சொல்லிருச்சு."

"நிசமா?"

"நிசமாத்தான்."

"ஒண்ணு கூட சாவாதா?"

இந்த இடத்தில் படித்தவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'நிகழ்தகவு' என்று ஆரம்பித்திருக்க வேண்டும். ஆடி முடித்த மயக்கத்தில் நான் சொன்னேன்: "ஒரு மீனுக்கும் ஒண்ணும் ஆவாது. நான் பொறுப்பு."

அவர் அடுத்த ஞாயிறே பாரூர் போய் பத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்தார். இந்த முறை முன்னெச்சரிக்கையாக ஒரு காரியம் செய்தார். போன தடவை பெயர் தெரியாத பிள்ளைகள் செத்ததற்கே அழுகை வந்ததாம்; அதனால் இந்தப் பத்துக்கும் தனக்கு ஆகாத புகுந்த வீட்டு ஆட்களின் பெயரை வைத்துவிட்டார். செத்தாலும் மனசு கனக்காது பாருங்கள். மூக்கு நீண்டது மாமியார் பூவம்மாள். எப்போதும் மூலையில் முறைத்துக்கொண்டு நிற்பது மாமனார். அடுத்தவள் தீனியைப் பிடுங்குவது நாத்தனார் ராசாத்தி. மிச்சம் கொழுந்தன்கள், ஓரகத்திகள்.

திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சோதனைக்கு முன் மீன்களைத் தொட்டியில் பழக்க வேண்டும், தீனி போட வேண்டும். தினம் போட்டார். "ஏய் பூவம்மா, இத்தன நாளு எனக்கு நீ அளந்து போட்டியே, இப்ப நான் போடறேன், வா" என்று ஆரம்பித்த பேச்சு, மூன்றாம் நாள் "வா தாயி, இன்னும் ரெண்டு தின்னு" என்று ஆகிவிட்டது. மூலையில் நிற்கும் மாமனாருக்குத் தனியாகப் போய்ப் போட்டார். "அந்த மனுசனும் இப்படித்தான், யாராவது கூப்டாத்தான் சாப்ட வருவாரு. நாந்தான் கூப்டதே இல்ல" என்று என்னிடம் சொன்னார்.

அன்று மத்தியானம்தான் நான் சாஃப்ட்வேரோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். கடைசிப் பக்கத்தைக் கடைசியில் படிப்பவன் நான். பொடி எழுத்தில் போட்டிருந்தது: இந்தக் கணிப்பு உண்மையான அளவிலிருந்து பத்து மடங்கு வரை முன்னே பின்னே போகலாம்.

எட்டு மடங்கு பாதுகாப்பு. பத்து மடங்கு பிழை. இரண்டாம் வகுப்புக்காரனுக்கும் புரியும் கணக்கு. கண்ணாடி வழியே பார்த்தேன். மாதம்மாள் தொட்டியில் விரலை விட, பூவம்மாள் வந்து விரலை முத்தமிட்டுக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

இரவு சாப்பிடும்போது என் மனைவி ஃபரீதாவிடம் சொன்னேன். அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "பாரூர் கெண்ட கெடச்சா ஊரு உலகமெல்லாம் கொழம்பு வெக்கிது. அதுக்கு ஆயுசு கணிக்கற ஒரே மனுசன் எங்கூட்டுக்காரர்தான்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடுங்களேன்" என்றாள்.

சொல்லலாம் என்றுதான் காலையில் போனேன். மாதம்மாள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். சோதனை ஆரம்பிக்கும் நாளாயிற்றே. "பாய் சொன்னா சரியா இருக்கும்" என்று நிரப்பும் பகுதி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் வாயைத் திறந்து, காற்றை விட்டு, மூடிக்கொண்டேன்.

இரண்டு கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் புதுச் சரக்கு கலந்த தண்ணீர், அதில் பூவம்மாள், மாமனார், ராசாத்தி, இரண்டு கொழுந்தன்கள். மற்றதில் வெறும் தண்ணீர், மீதி ஐந்து பேர். இரண்டுக்கும் ஒரு சின்னக் காற்று மோட்டார். ரப்பர் குழாய் வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். நாலு நாளும் தீனி கிடையாது, அது விதி. விதியை மாதம்மாளிடம் சொன்னபோது, "கோயில் ஆட்டுக்குக் கூட வெட்டறதுக்கு முன்ன தழ குடுப்பாங்க" என்றார்.

முதல் நாள் பத்தும் நலம். இரண்டாம் நாளும் நலம். நான் எல்லோரிடமும் சிரித்துப் பேசினேன். மூன்றாம் நாள் ஆயுத பூஜை.

முன்கூட்டியே அதை நான் கவனிக்கவில்லை. வருஷா வருஷம் சிப்காட்டில் ஆயுத பூஜைப் பொரியை மூன்று கம்பெனியில் வாங்கித் தின்பவன் நான். ஆனால் நாள் குறித்தது கம்ப்யூட்டரில் இருந்த காலண்டரைப் பார்த்து. அதில் எல்லா நாளும் ஒரே பச்சை நிறம்.

பூஜை பிரமாதமாக நடந்தது. மிக்ஸர், கன்வேயர், தராசு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. தரகர் பெட்டிக்குத் திரையின் நெற்றியில் பெரிய பொட்டு. மீன் தொட்டிகள் இரண்டுக்கும் சாமந்தி மாலை. டீ மாஸ்டர் மெஹபூப் பாஷா தன் பாய்லருக்கு விபூதிப் பட்டையே போட்டிருந்தார். பூசணிக்காய் உடைத்து, பொரி, கடலை, வெல்லம் கொடுத்து, கடைசியாக முதலாளி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்து, அதன் கைப்பிடிக்கு ஒரு பொட்டு வைத்து, பூ சுற்றிக் கும்பிட்டார். மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் காட்டித்தான் அதை மேலே தூக்குவார்கள். வருஷம் பூரா உழைக்கும் மிஷினுக்கு ஒரு நாள் ஓய்வு. நானும் தலை குனிந்து நின்றேன். எவ்வளவு அமைதி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பொரிப் பொட்டலத்தை ஃபரீதாவிடம் கொடுத்தேன். "மீனெல்லாம் எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குது. காத்து மோட்டார் ஓடிக்..."

எவ்வளவு அமைதி.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பாகலூர் ரோட்டில் பறந்தேன். சைக்கிளுக்கும் காலையில் யாரோ எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். அது கம்பியில் அடித்துத் தாளம் போட்டுக்கொண்டே வந்தது.

எனக்கு முன்பே மாதம்மாள் அங்கே இருந்தார். ஊரெல்லாம் பொரி தின்னும் நாளில் மாமனார் மட்டும் பட்டினி கிடப்பதா என்று, விதியை மீற முந்தானையில் பொரியை முடிந்துகொண்டு வந்திருக்கிறார். பொரி இன்னும் முடிச்சில்தான் இருந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது.

"பாருங்க. ஒண்ணும் ஆவாதுன்னீங்களே. பாருங்க வந்து."

புதுச் சரக்குத் தொட்டியில் ஐந்தும் மேலே வந்து, வாயை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பூவம்மாள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்து எனக்குள் தலைப்புச் செய்தியாக ஓடியது. பத்து மடங்கு. பத்து மடங்கு.

"பொட்டி சொல்லிச்சுன்னா நம்பினேன்? நீங்க சொன்னீங்கன்னு நம்பினேன்" என்றார் மாதம்மாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

தலையைத் திருப்பினேன். பக்கத்துத் தொட்டி கண்ணில் பட்டது. வெறும் தண்ணீர்த் தொட்டி. அங்கேயும் ஐந்து பேரும் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

"அல்லாவே! இங்கயும் திணறுது!" என்று சிரித்துக்கொண்டே கத்தினேன். "சும்மா தண்ணியிலயும் திணறுது! பத்தும் திணறுதும்மா!"

"எதுக்கய்யா சிரிக்கற, பாவி!"

"சரக்கு இல்லம்மா! சரக்கா இருந்தா இந்தப் பக்கம் மட்டும்தான் திணறும். காத்து இல்ல. மோட்டார் நின்னு போச்சு. சுவிட்சு!"

முதலாளி வாசலில் தன் ஜீப்புக்குப் பூ போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னோம். அவர் மெயின் சுவிட்சைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"முடியாது பாய். போன வருசம் ஒரே ஒரு மணி நேரம்னு மிக்ஸர ஓட்டனோம். அடுத்த வாரமே மோட்டார் எரிஞ்சுது. சாமிக்குக் குடுத்த வார்த்தைய என்னால மீற முடியாது."

"மொதலாளி, நான் மாதம்மாவுக்கு ஒரு வார்த்த குடுத்திருக்கேன்."

"உன்ன யாரு குடுக்கச் சொன்னா?"

அது நியாயமான கேள்விதான்.

சத்தம் கேட்டு மெஹபூப் பாஷா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையை முழங்கை வரை சுருட்டினார். "தண்ணிக்குக் காத்து வேணும், அவ்ளோதானே? நகருங்க பாய். ஆத்தறதுன்னா அது நம்ம தொழிலு." டீ ஆற்றும் குவளைகளுக்குப் பொட்டு வைத்தாயிற்று, எடுக்கக் கூடாது. குளியலறை பிளாஸ்டிக் மக்கு ஆயுதமா இல்லையா என்று ஒரு சின்ன விவாதம் நடந்தது. "மக்கு ஆயுதம் இல்ல" என்று முதலாளி தீர்ப்புச் சொன்னார்.

பாஷா வெறும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மக்கு மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஒரு ஆள் நீளத்துக்கு ஆற்றினார். தண்ணீர் விழுந்த இடத்தில் குமிழ் கொப்பளித்தது. நாலைந்து தடவை ஆற்றியதில் மீன்கள் கீழே இறங்க ஆரம்பித்தன. மாதம்மாள் கை தட்டினார்.

அதே வேகத்தில் பக்கத்துத் தொட்டிக்குப் போனார். தலைக்கு மேல் தூக்கி ஒரே ஆற்று. கழுவுற தண்ணி அல்லவா? அது தன் ஜாதி புத்தியைக் காட்டியது. நுரை பொங்கிற்று. இரண்டாவது ஆற்றில் தொட்டி நிறைந்து, சாமந்தி மாலையைத் தூக்கிக்கொண்டு வழிந்து, பாஷாவின் கழுத்து வரை வந்தது. மீன் எங்கே, கண்ணாடி எங்கே, ஒன்றும் தெரியவில்லை. நுரைக்கும் மேலே பாஷாவின் தலையும் மக்கும் மட்டும் தெரிந்தன.

"நிறுத்துய்யா! எங்க மாமியார சோப்பு போட்டுக் கொன்னுடாத!" என்று மாதம்மாள் நுரையை இரண்டு கையாலும் வாரி வாரி என் மேல் வீசினார். மீனைக் கொல்லாத சரக்கு எது என்று சொன்ன பெட்டி, அதை ஆற்றினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலாளி ஜீப்பருகே நின்று இதையெல்லாம் பார்த்தார். பார்த்தவர் திடீரென்று, கம்பெனி கட்டுவதற்கு முன் தான் இருந்த உத்தனப்பள்ளி விவசாயியாகவே மறுபடி ஆகிவிட்டார். "காத்து மெதுவாத்தான் வரணும். மெதுவா வந்தா நொர வராது. டேய், ஷெட்டுல டிராக்டர் டியூப் ஒண்ணு கெடக்குது பாரு!"

அந்தப் பெரிய பின்சக்கர டியூபை மூன்று பேர் உருட்டிக்கொண்டு மெயின் ரோட்டுப் பஞ்சர் கடைக்கு ஓடினோம். பஞ்சர் கடைக்காரரும் கம்ப்ரஸருக்குப் பூஜை போட்டவர்தான். ஆனால் ஹைவேயில் லாரிகள் சாமிக்காக நிற்பதில்லை. அவர் மத்தியானமே தேங்காயை உடைத்துவிட்டுக் கடையைத் திறந்துவிடுவார். டியூப் யானைக்குட்டி போல உப்பியது.

திரும்பி வந்து அதன் வாயில் ரப்பர் குழாயைச் செருகினேன். குழாயை இறுக்கிக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட ஒரு கிளிப் வேண்டும். என் மேஜை இழுப்பறையில் இருந்தது. தரக் கட்டுப்பாட்டுத் துறையின் அன்றைய முழுப் பங்களிப்பும் அந்தக் கிளிப்தான்.

குமிழ் வந்தது. ஒன்று, ஒன்று, ஒன்றாக. பிறகு நின்றது. டியூபை அழுத்தினால்தான் காற்று வருகிறது.

"ஒக்காரணும் மொதலாளி" என்றேன்.

"யாரு?"

அங்கே இருந்தவர்களில் எடை உள்ளவர் ஒருவர்தான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியில் சந்தனத்தோடு, தீர்த்தகிரி டிராக்டர் டியூபின் மேல் ஏறி உட்கார்ந்தார். இரண்டு தொட்டியிலும் குமிழ்கள் ஒழுங்காக வரிசை கட்டி எழுந்தன. பாஷா அவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தார். அடுப்பு டீ, பாய்லர் டீ இல்லை. முதலாளி குடித்துக்கொண்டே, "இது ஆயுதத்துல வராதில்ல பாய்?" என்று கேட்டார்.

"நீங்களா?" என்றார் மாதம்மாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து அவருக்கு விக்கல் வந்துவிட்டது.

நுரையை மெல்ல வழித்தெடுத்தோம். ஒவ்வொருவராகத் தெரிந்தார்கள். ராசாத்தி. ஒரு கொழுந்தன். இன்னொரு கொழுந்தன். மூலையில் மாமனார், வழக்கம்போல் முறைத்தபடி. பூவம்மாளைக் காணோம். மாதம்மாள் மூச்சுவிடாமல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அடியில், குழாய் வாய்க்குப் பக்கத்திலேயே, வரும் குமிழையெல்லாம் தனக்கே என்று பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்து நின்றாள்.

"பாத்தியா, பாத்தியா! எல்லாத்தையும் தனக்கே எடுத்துக்கறா. அசல் எங்க மாமியாரேதான்" என்றார் மாதம்மாள், பெருமையாக.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி சுவிட்ச் மேலே போகும் வரை, கம்பெனியில் எடை உள்ளவர்கள் முறைபோட்டு டியூபில் உட்கார்ந்தார்கள். வாட்ச்மேன் தன் சம்பந்தியையே அழைத்து வந்து உட்காரவைத்தார். ஆம், பொண்ணுக்கு இடம் அமைந்துவிட்டது; பஸ் ஸ்டாண்ட் கம்ப்யூட்டர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றதாம்.

நாலாம் நாள் வெங்கடப்பன் வந்தார். தொட்டியில் வாடிய சாமந்தியைப் பார்த்து, "ஏன்ரீ இது?" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, தமிழுக்கு வந்தார். "மீனுக்கு மாலையா?"

மறைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே ஒரு பொடி எழுத்தை மறைத்து நான் பட்டது போதும். சுவிட்ச், நுரை, டியூப் எல்லாவற்றையும் சொன்னேன். சோதனை செல்லாது என்று அவர் சொன்னால் இன்னொரு நாலு நாள். மாதம்மாள் என்னை முறைத்தார், மாமனாரைப் போலவே.

வெங்கடப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "நேத்து எங்க பிளாண்டுலயும் தண்ணிக்குக் காத்து விடற ஏரியேட்டர ஆஃப் பண்ணி பூ போட்டுட்டானுங்க. நான் கால்ல விழுந்தாலும் ஆன் பண்ணல. எங்க மேனேஜர ஒக்கார வெக்கற யோசன எனக்கு வரலியே!" பிறகு குனிந்து எண்ணினார். இந்தப் பக்கம் ஐந்து. அந்தப் பக்கம் ஐந்து. "காத்து இல்லாமயும் தாங்கியிருக்குது. நான் கேட்டதவிடக் கஷ்டமான சோதனை. செல்லும்."

நிரப்பும் பகுதியே கூச்சல் போட்டது. நான் மாதம்மாளைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

வெங்கடப்பன் கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தினார். "ஒண்ணு பாக்கி. முறைப்படி, சோதனை முடிஞ்ச மீன உயிரோட விடக் கூடாது. ஏரியில விட்டாலும் தப்பு. அழிச்சுட்டேன்னு எழுதணும்."

கூச்சல் நின்றது. மாதம்மாள் தொட்டிக்கும் வெங்கடப்பனுக்கும் நடுவில் வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். அவரைத் தாண்டிப் போக அந்த அறையில் ஆள் இல்லை.

ஒரு மீனுக்கும் ஒன்றும் ஆகாது என்று சொன்னவன் நான். பெட்டி நாலு நாளைக்குத்தான் சொன்னது. நான் நாள் கணக்கு வைத்துச் சொல்லவில்லை.

"சார், சோதனை முடிஞ்சாத்தானே அழிக்கணும்?" என்றேன். "முடிக்காதீங்க. எங்க கழிவுத் தண்ணி வெளிய போற வாசல்ல ஒரு தொட்டி இருக்குது. இதுங்கள அதுல விட்டுடறோம். ஒவ்வொரு நாளும் நாங்க விடற தண்ணி இதுங்க மேலதான் போகட்டும். இதுங்க இருக்கற வரைக்கும் எங்க சரக்கு சரி. நீங்க எப்ப வேணாலும் வந்து எண்ணலாம்."

வெங்கடப்பன் யோசித்தார். "தப்பா ஒரு நாள் தண்ணி விட்டீங்கன்னா?"

"விட்டா இந்தம்மா எங்கள விட மாட்டாங்க."

அவர் மாதம்மாளை மேலும் கீழும் பார்த்தார். அதைவிட நல்ல உத்தரவாதம் அவருக்கு எந்தக் கம்பெனியிலும் கிடைத்திருக்காது. 'தொடர்ந்து கண்காணிப்பில் உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் புகுந்த வீடு மொத்தமும் வாசல் தொட்டிக்குக் குடிபோனது. முந்தானைப் பொரிக்கும் விடுதலை கிடைத்தது. மாதம்மாள் தூவிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் போய் நின்று, பத்து மடங்கு பற்றிச் சொல்லிவிட்டேன். 'நான் பொறுப்பு' என்று சொன்னபோது அது எனக்கே தெரியாது, தெரிந்த பிறகும் உங்களிடம் மறைத்துவிட்டேன் என்றேன்.

அவர் பொரி தூவுவதை நிறுத்தவில்லை. "இந்தப் பேச்ச எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? அதுங்ககிட்ட சொல்லுங்க. உயிரு அதுங்களுதுதானே."

சொல்ல வைத்துவிட்டார். அதற்கப்புறம் நான் அந்தக் கம்பெனியில் இருந்த வரைக்கும், புதுச் சரக்கு எதைக் கணித்தாலும் முதலில் தொட்டிக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, "இவ்வளவுன்னு பொட்டி சொல்லுது, பத்து மடங்கு முன்ன பின்ன ஆவலாம்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மாதம்மாள் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பார். ராசாத்தி காதில் வாங்க மாட்டாள். பூவம்மாள் மேலே வந்து என் வாயைப் பார்ப்பாள். மாமனார் மட்டும் மூலையில் நின்று, நான் முழுசாகச் சொல்லி முடிக்கும் வரை முறைத்துக்கொண்டே இருப்பார்.